பூசணம் பூத்த வீட்டு ரோஜா

ஆகஸ்ட் மாதத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஃப்ரீடவுனில் புத்தியுள்ளவர்கள் நிச்சயதார்த்தம் வைக்க மாட்டார்கள். மே மாதம் வந்து உட்காரும் மழை நவம்பரில்தான் எழுந்து போகும். ஆகஸ்டில் அது உட்காருவதுகூட இல்லை, கால் நீட்டிப் படுத்துவிடும். ஜாடியில் உப்பு இருக்காது. உப்புத் தண்ணீர் இருக்கும். தீக்குச்சியை உரசினால் அதன் மருந்து, களிம்பு மாதிரி பெட்டியில் ஒட்டும். திங்களன்று துவைத்த சட்டையை ஞாயிறன்று ஈரத்தோடு போட்டுக்கொண்டு தேவாலயம் போவார்கள். பக்கத்தில் உட்காருபவரின் சட்டையும் ஈரம்தான். யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஆனால் தேதியைக் குறித்தது மொடுபே அத்தை. மாப்பிள்ளை அபியோசேயைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவள். லெஸ்டர் மலைமேல் அவளுக்கு சிமெண்ட் வீடு, அலுமினியச் சன்னல், வாரம் ஒரு தொப்பி.

"வெயில் காலத்துல எல்லா வீடும் நல்ல வீடுதான். பொண்ணு வீட்ட மழையிலதான் பாக்கணும்" என்று அவள் தேவாலய வாசலில் நின்று சொன்னாள். நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னாள். "எம் புள்ளைக்கு நெஞ்சு பலவீனம். அந்த மரவீட்டுச் சுவத்துல ஒரே ஒரு கறுப்புப் புள்ளி என் கண்ணுல பட்டுச்சுன்னு வை, கல்யாணம் நடக்கும். ஆனா ரெண்டு பேரும் குடியிருக்கப் போறது எங்கூட, மலைமேல."

இயாமிடேயின் திட்டம் வேறு. அவளுடைய அப்பா பெரஸ்ஃபோர்டின் வீடு மரே டவுனில் கடலைப் பார்த்து நின்றது. கீழே கருங்கல் கட்டு, மேலே பலகை வீடு. கீழே இரண்டு அறைகள் காலி. கல்யாணத்துக்குப் பிறகு அவளும் அபியோசேயும் அங்கே இருப்பதாகப் பேச்சு. அவன் படகு எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை அங்கிருந்து கூப்பிடு தூரம். அவள் புவியியல் நடத்தும் பள்ளிக்கூடமும் பக்கம். அப்பாவும் தனியாக இருக்க வேண்டாம்.

மலை வீட்டில் அறைகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. "குடும்பத்துக்குள்ள எதுக்குத் தாழ்ப்பா?" என்பாள் அத்தை. அபியோசே குளிக்கும்போதுகூட உள்ளே வந்து, சோப்பு போதுமா என்று கேட்டுவிட்டுப் போவாள். அவனுக்கு முப்பத்தொரு வயது.

ஒரு கறுப்புப் புள்ளி என்றாள் அத்தை. பெரஸ்ஃபோர்ட் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில் புள்ளி என்று எதுவும் இல்லை. சுவரே கறுப்பு. ஜூனில் அது மடகாஸ்கர் அளவில் இருந்தது என்று இயாமிடேக்கு நினைவு. ஜூலையில் ஆப்பிரிக்கா ஆனது. இப்போது எல்லாக் கண்டங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. மூலை திரும்பி அடுத்த பலகைத் தடுப்பிலும் புது நாடுகள் பிடிக்கத் தொடங்கியிருந்தன.

காரணம் மேற்குச் சன்னல். மழை கடலிலிருந்து அந்தச் சன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். அம்மாவுக்கு மழையின் வாசனை முன்கூட்டியே தெரியும். அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு ஓடிப்போய் மூடுவாள். நின்றதும் திறப்பாள். மறுபடி ஓடுவாள். அவள் இறந்த பிறகு ஒரே வாரத்தில் இரண்டு முறை சோஃபா நனைந்தது. ஓட ஆள் இல்லை. பெரஸ்ஃபோர்ட் சுத்தியலை எடுத்து வந்து சன்னலை ஆணி அடித்து மூடினார். மூன்று வருடமாகிறது.

"சன்னலத் தொறந்துவிட்டு, வினிகர் போட்டுத் தேய்ச்சா போதும்ப்பா. காத்து பட்டா காயும்" என்றாள் இயாமிடே.

"சன்னல் பேச்ச எடுக்காத."

"அப்ப சுவர் பேச்ச யாரு எடுக்கறது?"

"நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். முதலில் கரி அடுப்புகள். தெருவில் கிடைத்த அத்தனை கரி அடுப்புகளையும் கடன் வாங்கி வந்து சுவரோரம் வரிசையாக மூட்டினார். மாலைக்குள் வீட்டில் எல்லோருக்கும் கண் சிவந்தது. சுவருக்கு வியர்த்தது. அதோடு, மறுநாள் கூரைப் பலகையிலும் ஒரு கறுப்புத் தீவு தோன்றியது.

அடுத்து வெள்ளை பெயிண்ட். நல்ல கனமான எண்ணெய் பெயிண்ட். அடித்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது பூசணத்தோட கதை" என்றார். பெயிண்ட் காயவில்லை. பக்கத்து வீட்டுச் சிவப்புக் கோழி ஒன்று உள்ளே வந்து சுவரில் சாய்ந்து போனது; பாதி வெள்ளையாகப் போனது. கோழிக்காரி இன்னும் இந்த வீட்டோடு பேசுவதில்லை. மூன்றாம் நாள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. ஒவ்வொரு கொப்புளத்தையும் உடைத்துக்கொண்டு கறுப்பு எட்டிப் பார்த்தது.

"இது என்னமோ பெயிண்டச் சாப்பிட்டுக் கொழுக்குது" என்றாள் ரெமி சித்தி. அம்மாவின் தங்கை. நிச்சயத்தை எடுத்து நடத்த வந்தவள். இந்த ஊர் வழக்கப்படி வீட்டார் எல்லோருக்கும் ஒரே துணியில் உடுப்பு தைக்க வேண்டும். அந்தத் துணியை எடுத்ததும் அவள்தான். நீலத் தரை, அதில் மஞ்சள் பறவைகள். சித்தி எதையும் அளவாக வாங்க மாட்டாள். எல்லோருக்கும் தைத்தது போக ஒரு முழுக் கட்டு மிச்சம் இருந்தது.

அவள் கட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி கட்டைப் பார்த்தாள்.

"அத்தான், அந்தச் சுத்தியலக் கொடுங்க."

தரையிலிருந்து கூரை வரை, மேற்குச் சுவரை மறைத்து, மூலை திரும்பிப் பலகைத் தடுப்பையும் மறைத்து, ஒரே துணியாக இழுத்து ஆணி அடித்தார்கள். கூடம் பளிச்சென்று ஆனது. சித்தி தன் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து சுவருக்கு முன்னால் நின்றாள். காணாமல் போனாள். காற்றில் ஒரு முகமும் இரண்டு கைகளும் மட்டும் இருந்தன.

"எப்படி இருக்கு?" என்று கேட்டது முகம்.

பெரஸ்ஃபோர்ட் மனைவி போன பிறகு முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரித்தது தானா என்று சந்தேகப்பட்டவர் போல இருமிக்கொண்டார்.

மீதி சாமான்களுக்கு என்ன செய்வது? பச்சை முடி முளைத்த தோல் செருப்புகள், பாசி பிடித்த பிரம்பு நாற்காலிகள், பஞ்சு மெத்தை, அம்மாவின் தேவாலயத் தொப்பிகள், வெள்ளைத் தூள் படிந்த பாட்டுப் புத்தகங்கள். எல்லாவற்றையும் பலகைத் தடுப்புக்குப் பின்னால் உள்ள அறையில் திணித்துக் கதவைச் சாத்தினார்கள்.

திணித்து முடித்த பிறகுதான் ரெமி சித்திக்கு ஞாபகம் வந்தது. நிச்சயத்தன்று மணப்பெண்ணை ஒளித்து வைப்பதும் அந்த அறையில்தான்.

*

சனிக்கிழமை மழை சிரத்தையாகப் பெய்தது. இயாமிடே மெத்தைக்கும் செருப்புக் குவியலுக்கும் நடுவே ஒரு முக்காலியில், எதுவும் உடுப்பில் படாமல் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கில் துண்டு. அவளோடு சித்தப்பா மகள் ஓமோலாராவும் ரெமி சித்தியும் இருந்தார்கள். வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

கதவுக்கு உள்பக்கம் டெசிமஸ் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், பழைய ஏலக்காரர். பெண் வீட்டுக்குப் பேசுபவர் அவர். வந்தவர்களை உடனே உள்ளே விடுவது முறை இல்லை. டெசிமஸ் முறைகளை மதிப்பவர். அதுவும் மழையில் ரொம்ப மதிப்பார்.

"யாருய்யா அது?"

"நாங்கதான்" என்றது மொடுபே அத்தையின் குரல். மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசுபவள் அவளே.

"நாங்கதான்னா? மீன்காரங்களா? மீன் வாங்கியாச்சு."

"ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றோம். இந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல அழகான ரோஜா ஒண்ணு பாத்தோம். அதக் கேட்டு வாங்கிட்டுப் போலாம்னு வந்திருக்கோம்."

"ரோஜாவா? இந்த மழையிலயா? நாளைக்கு வாங்களேன்."

"டெசிமஸ், என் தொப்பி நனையுது."

இந்த வசனம் சடங்கில் கிடையாது. டெசிமஸ் அசரவில்லை.

"டெசிமஸ்னு இங்க யாரும் இல்லையே. வேற தோட்டத்துக்கு வந்துட்டீங்களோ?"

அப்போது வேனிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவது, படகு எஞ்சின் கயிற்றை இழுத்ததும் கிளம்புமே, அந்த மாதிரி வந்தது. இயாமிடேக்கு அந்தத் தும்மலைத் தெரியும். கூப்பிடும்வரை மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது என்பதால் அபியோசேயை வேனிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

"அங்க யாரு தும்முறது?" என்றார் டெசிமஸ்.

"டிரைவர்."

"பாவம், நல்ல டிரைவர். கல்யாண வயசு போல."

உள்ளே வந்தவர்கள் சொட்டச் சொட்ட வந்தார்கள். சுரைக்குடுவையைச் சுமந்துவந்த சிறுமி அதைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். வெள்ளைப் பட்டில் மூடி, ரிப்பன் கட்டி, பார்க்க அழகாக இருந்தது. பெண்ணுக்கான மோதிரம், வேதப்புத்தகம், வாழ்த்துக்குப் பகிர்ந்து மெல்லும் கோலாக் கொட்டைகள், ஊசி நூல் எல்லாம் அதற்குள். பெண் வந்து சம்மதம் சொன்ன பிறகுதான் திறப்பார்கள்.

அறைக்குள்ளிருந்த இயாமிடேயின் கண்ணுக்கு இது எதுவும் தெரியவில்லை. பலகையில் ஒரு கண் ஓட்டை இருந்தது. அதை வெளிப்பக்கம் துணி மூடியிருந்தது. நகக்கத்தரியை எடுத்தாள். ஓட்டைக்கு நேராக இருந்த மஞ்சள் பறவையின் கண்ணை மட்டும் கச்சிதமாக வெட்டி எடுத்தாள். தன் கண்ணை வைத்தாள்.

மொடுபே அத்தை கூடத்தின் நடுவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதா வெல்வெட் தொப்பி, ஓரத்தில் இறகு. மழையில் இறகு தூங்கிவிட்டிருந்தது.

"சுவத்துக்கு ஏன் உடுப்பு போட்டிருக்கீங்க சம்பந்தி?"

"அதுவும் குடும்பந்தானே" என்றார் பெரஸ்ஃபோர்ட்.

இயாமிடே வாயைப் பொத்திக்கொண்டாள்.

டெசிமஸ் கையைத் தட்டினார். "எங்க தோட்டத்துல ரோஜாவுக்குப் பஞ்சமில்ல. முதல் ரோஜா வருது, பாருங்க, நல்லாப் பாருங்க."

வேறு பெண்களை முதலில் காட்டி விளையாடுவது வழக்கம். முகத்தில் திரை போட்டுக்கொண்டு ஓமோலாரா வெளியே போனாள். நடந்தாள், சுற்றினாள், முட்டி மடக்கி வணங்கினாள். அத்தை திரையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகான ரோஜா. படிச்சு முடிக்கட்டும். ஆனா நாங்க தேடி வந்தது இது இல்ல." பிறகு ஓமோலாராவைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இது என்ன, ரோஜாவுக்குப் பின்னால பச்சையா?"

ஓமோலாராவின் பின்பக்கம் முழுக்க, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சு. பச்சை நிறத்தில். ஒரு கோடு விடாமல் பதிந்திருந்தது.

"இலை" என்றார் டெசிமஸ் சட்டென்று. "ரோஜான்னா இலை இருக்கும்ல?"

கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. ஓமோலாரா ஓடிவந்து உள்ளே விழுந்து, மெத்தையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். எழுந்தபோது மூக்கு கறுப்பாக இருந்தது.

"அக்கா, அவங்க மோப்பம் புடிக்கிறாங்க. நிஜமா, நாய் மாதிரி."

"சிரிக்க வைக்காதடி. மூக்கு அரிக்குது."

"அடுத்த ரோஜா!" என்றார் டெசிமஸ். "இது கொஞ்சம் முத்தின ரோஜா. ஆனா வாசனை போகல."

ரெமி சித்தி திரையை இழுத்துவிட்டுக்கொண்டு இடுப்பை ஆட்டியபடி போனாள். பாட்டு எழுந்தது. தொடையில் தாளம் போட்டார்கள். அத்தை திரையைத் தூக்கினாள்.

"இந்த ரோஜாவ நான் முப்பது வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். முள்ளு அதிகம்."

"புடிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் குத்தாது" என்றாள் சித்தி.

"திரும்பு."

"எதுக்கு?"

"திரும்புடி ரெமி."

சித்தி திரும்பவில்லை. சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தாள். பின்பக்கம் யாருக்கும் தெரியாமல் அப்படியே சுவருக்குப் போய் ஒட்டினாள். காணாமல் போனாள். மழைத் தண்ணீரைக் கண்ணிலிருந்து துடைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தபோது சித்தி இல்லை.

"எங்க போனா?"

கூடமே குலுங்கியது. அத்தை சுவரை நோக்கி இரண்டு அடி வைத்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு துணியை ஆராய்ந்தாள். ஒவ்வொரு பறவையாகப் பார்த்துக்கொண்டே மூலை திரும்பினாள். பலகைத் தடுப்புக்கு நேராக வந்தாள். இயாமிடே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. மூக்கு அரித்த அரிப்பில் கண் தானாகச் சிமிட்டியது.

அத்தை பின்வாங்கினாள்.

"சம்பந்தி. உங்க பறவை கண்ணச் சிமிட்டுது."

"சிமிட்டுமா?" என்றார் பெரஸ்ஃபோர்ட். "துணி விலை ஜாஸ்தி."

அதற்குமேல் இயாமிடேயால் தாங்க முடியவில்லை. சிரிப்பும் தும்மலும் ஒரே நேரத்தில் கிளம்பின. சிரிப்பை அடக்கினாள். தும்மல் வென்றது. தலை முன்னால் போய்ப் பலகையில் முட்டியது. அடிப்பக்கம் மூன்று வருட ஈரத்தில் ஊறி ரொட்டி மாதிரி ஆகியிருந்த பலகை அது. முனகியது. பிறகு பக்கத்துப் பலகைகளையும் கூட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், கூடத்துக்குள் சாய்ந்தது.

துணி ஒரே துணி. மூலையில் கிழிபட்டதும் ஆணி ஆணியாகப் பிய்ந்துகொண்டு மேற்குச் சுவர் முழுக்க ஓடியது. ரெமி சித்தி துணியோடு சேர்ந்து கீழே போனாள். கறுப்புச் சுவர் கொப்புளங்களோடு எல்லோர் முன்னாலும் நின்றது. பின்னறையிலிருந்து பச்சைச் செருப்புகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. கடைசியில், பலகைமேல் குப்புறப் படுத்தபடி, நீல உடுப்பில் மஞ்சள் பறவைகளோடு மணப்பெண் வந்து சேர்ந்தாள்.

டெசிமஸ் தொண்டையைக் கனைத்தார். "இதுவா நீங்க தேடி வந்த ரோஜா?"

"இதுதான்" என்றாள் மொடுபே அத்தை. ஆனால் அவள் பார்த்தது சுவரை. "ஒரு புள்ளின்னு சொன்னேன். எண்ணிக்கிட்டிருந்தா ராத்திரி ஆயிடும் போலிருக்கே."

யாரும் சிரிக்கவில்லை. இயாமிடே எழுந்து நின்றாள். முழங்கால் எரிந்தது. அப்பா தன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் புள்ள இந்த வீட்டுக்கு வந்துட்டுப் போற ராத்திரியெல்லாம் தும்மித் தும்மிச் சாகறான்" என்றாள் அத்தை. "ஏன்னு இப்பத் தெரியுது. பேசினது பேசினதுதான். கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் மலைக்கு வந்துடணும்."

"இல்ல அத்தை" என்றாள் இயாமிடே.

அறை திரும்பிப் பார்த்தது. நிச்சயத்தில் பெண் பேச வேண்டிய வார்த்தை ஒன்றுதான். சம்மதம். அதுவும் மெல்ல.

"அவரு இங்க வந்து தும்மறதில்ல. வரும்போதே தும்மிக்கிட்டு வர்றாரு. இங்க உக்காந்து இஞ்சிபீர் குடிச்சா நின்னுடும். நான் ஒரு வருஷமா இஞ்சிபீர்தான் காரணம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"என் வீட்டுல என்ன இருக்கு தும்ம? சிமெண்ட் சுவரு. அலுமினியச் சன்னலு. ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"என்ன சொல்ற?"

"அவரக் கூப்பிடுங்க. இந்தச் சுவருக்கு முன்னாலயே நிக்கட்டும். இங்க தும்மினா நான் மலைக்கு வர்றேன். தாழ்ப்பா கேக்க மாட்டேன்."

"தும்மலன்னா?"

"கீழ் அறையில இருப்போம்."

ரெமி சித்தி துணிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "ஐயோ, இந்தப் பொண்ணு சுவர நம்பிப் பந்தயம் கட்டுதே" என்றாள்.

அபியோசேயைக் கூட்டி வந்தார்கள். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. தலையில் துண்டோடு வந்தான். உடைந்த பலகையைப் பார்த்தான், செருப்புகளைப் பார்த்தான், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்ற இயாமிடேயைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னாச்சு?"

"பேசாத. சுவர்கிட்டப் போ" என்றாள் அத்தை. "நல்லா மூச்சு இழு."

போனான். இழுத்தான். இரண்டு குடும்பமும் அவன் மூக்கைப் பார்த்தது. மூக்கு கொஞ்சம் நெளிந்தது. இயாமிடே கண்ணை மூடிக்கொண்டாள். ஓமோலாரா யாரோ ஒரு தெரியாத கிழவரின் கையைப் பிடித்து இறுக்கினாள். மூக்கு நெளிந்தது, யோசித்தது, அடங்கியது.

"இன்னும் கிட்ட."

சுவரை முத்தமிடும் தூரத்தில் நின்றான். "வினிகர் போட்டா போயிடும்" என்றான். தும்மவில்லை.

"வேன்ல ஏன் அப்படித் தும்முனீங்க?" என்று கேட்டாள் இயாமிடே.

"தெரியல. வழி முழுக்கத் தும்மல். குடுவைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கீழ விழுந்துடக் கூடாதுன்னு அத்தை குடுத்தாங்க. அத உள்ள எடுத்துட்டுப் போனதும் நின்னுடுச்சு."

எல்லோரும் மெல்லத் தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தார்கள். வெள்ளைப் பட்டு. ரிப்பன். அழகான குடுவை.

"அது பரிசுத்தமான பொருள்" என்றாள் அத்தை. "மூணு வாரமா என் அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருந்தது."

"பூட்டியா?" என்றார் டெசிமஸ்.

"திறங்க" என்றாள் இயாமிடே. "எனக்குச் சம்மதம். மூணு தடவ கேக்கறதா இருந்தா மூணு தடவையும் சம்மதம். திறங்க."

அத்தை ரிப்பனை அவிழ்த்தாள். அபியோசே ஆவலாகக் குனிந்தான். மூடி விலகியது.

உள்ளே கோலாக் கொட்டைகள் ஒவ்வொன்றும் நீளமான வெள்ளைத் தாடி வளர்த்திருந்தன. வேதப்புத்தகத்துக்குச் சாம்பல் நிறத்தில் கம்பளி முளைத்திருந்தது. ஊசி துருப்பிடித்து நூலோடு கல்யாணம் முடித்திருந்தது. நடுவில், பஞ்சு மெத்தைமேல் வைத்தது போல, பூசணத்துக்குள் சொகுசாகப் படுத்திருந்தது மோதிரம்.

அபியோசே தும்மினான். முதல் தும்மலில் தாடிகள் பறந்தன. இரண்டாவதில் அத்தையின் தொப்பி நகர்ந்தது. மூன்றாவதில் எஞ்சின் கிளம்பிவிட்டது. பிறகு எத்தனை என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கேட்கவில்லை. வீடு அப்படிச் சிரித்தது. டெசிமஸ் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரெமி சித்தி துணியில் சுருண்டு தரையில் உருண்டாள். பெரஸ்ஃபோர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டு குடுவைக்குள் பார்த்தார், மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

மொடுபே அத்தை மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் தூள் படிந்த முகம் கோணியது. அழப்போகிறாள் என்று இயாமிடே பயந்தாள். அத்தை தொப்பியைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் பச்சைப் பசேல் என்று புல்வெளி.

"போன ஞாயித்துக்கிழமை புதுசாப் போட்டது" என்றாள். அவ்வளவுதான், அவளுக்கும் வந்துவிட்டது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, நான் என்ன செய்வேன்! மலையில மழை வேற, மூடுபனி வேற. சாயந்திரமானா சன்னலுக்கு வெளிய வந்து நிக்குது, சொந்தக்காரன் மாதிரி. உள்ள விடக் கூடாதுன்னு எல்லாத்தையும் இறுக்கி மூடி வச்சேன். அது முன்னாடியே உள்ளதான் இருந்திருக்கு!"

"எங்க வீட்டுலயும் அதான் சம்பந்தி" என்றார் பெரஸ்ஃபோர்ட்.

அதைச் சொன்னபின் அவர் மேற்குச் சன்னலைப் பார்த்தார். பிறகு போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். மேற்குச் சன்னலுக்கு முன்னால் நின்று முதல் ஆணியைப் பிடுங்கினார். துருப்பிடித்த ஆணி. கத்தியது. அபியோசே போய் அவர் பக்கத்தில் நின்று சன்னலின் மறுபாதியைப் பிடித்தான். கடைசி ஆணி வந்ததும் பலகைக் கதவுகள் தாமாகவே திறந்துகொண்டன. மழை கொஞ்சம் விட்டிருந்தது. கடல்காற்று உள்ளே வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தது. நாற்பது பேரின் ஈர உடுப்புகளும் ஒரே நேரத்தில் அசைந்தன.

"சோஃபா நனையும்" என்றார் பெரஸ்ஃபோர்ட். "யாராவது ஓடணும். ஒரு நாளைக்குப் பத்து தடவ."

"நான் ஓடுவேன்ப்பா. கீழதானே இருக்கப் போறேன்."

அவர் மொடுபே அத்தையைப் பார்த்தார். அத்தை கையை வீசினாள்.

"இருக்கட்டும். கீழயே இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை நான் வந்து தங்குவேன்."

"வாங்க அத்தை" என்றாள் இயாமிடே. "தட்டிட்டு வாங்க."

அத்தை வாயைத் திறந்தாள். அபியோசேயைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

மோதிரத்தை இஞ்சிபீரில் கழுவி இயாமிடேயின் விரலில் போட்டார்கள். புதுக் கோலாக் கொட்டைகளுக்கு ஓமோலாரா குடையோடு ஓடினாள். போகிற வழியில் கோழிக்காரியிடமும் ஒரு வாய் சாப்பிட வரச் சொன்னாள். அவள் வந்தாள். கோழியையும் கொண்டு வந்தாள், அது இன்னும் பாதி வெள்ளை. மொடுபே அத்தை தன் தொப்பியை நல்ல காற்றுப் படும்படி சன்னலின் வெளி ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, இயாமிடேயின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி, "வினிகர் எங்க இருக்கு? பாதிச் சுவர இப்பவே முடிச்சுடுவோம்" என்றாள்.

சோறு பரிமாறி எல்லோரும் வாயில் வைத்தபோது பெரஸ்ஃபோர்ட் தலையைத் தூக்கினார். மூக்கை இழுத்தார்.

"மழை" என்றார்.

இயாமிடே தட்டை வைத்துவிட்டு ஓடினாள். அபியோசே ஓடினான். ரெமி சித்தி ஓடினாள், டெசிமஸ் ஓடினார், பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மொத்தமாக எழுந்து ஓடின. மஞ்சள் பறவைகள் எல்லாம் ஒரே சன்னலுக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டன. யார் கை என்று தெரியவில்லை, படாரென்று கதவைச் சாத்தியது. மறுநொடி மழை பலகையில் வந்து மோதியது. ஒரு துளி உள்ளே வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

மொடுபே அத்தையின் தொப்பி வெளியே இருந்தது.